ஓட்டையைச் சொன்னவர்கள்

1851-இல் லண்டனில் உலகக் கண்காட்சி நடந்தபோது ஆல்ஃபிரட் சார்ல்ஸ் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டு நிபுணர் கப்பலேறி வந்து சேர்ந்தார். பிரிட்டனில் அப்போது இரண்டு பூட்டுகளுக்குப் பெரிய பேர். ஒன்று சப் கம்பெனியின் பூட்டு. கள்ளத்தனமாகத் திறக்கப் பார்த்தால் உள்ளே ஒரு நெம்பு சிக்கிக்கொள்ளும். சொந்தக்காரர் அடுத்த முறை சாவி போடும்போது, யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று காட்டிக்கொடுத்துவிடும். இன்னொன்று பிரமா பூட்டு. பிக்கடில்லி தெருவில் கடையின் கண்ணாடி ஜன்னலில் ஒரு தலைமுறைக்கும் மேலாக அது சும்மா கிடந்தது. திறப்பவருக்கு 200 கினி என்று பக்கத்திலேயே அறிவிப்பு.

ஹாப்ஸ் சப் பூட்டை அரை மணிக்குள் திறந்துவிட்டார். பிரமா அவ்வளவு சுலபத்தில் மசியவில்லை. 16 நாளில் மொத்தம் 51 மணி நேரம் உட்கார்ந்து திறந்தார். 200 கினியையும் வாங்கிக்கொண்டார். இதையெல்லாம் ஊருக்குச் சொல்லலாமா, திருடனுக்குப் பாடம் எடுப்பதாகாதா என்று கூச்சல் கிளம்பியது. திருடர்கள் தங்கள் தொழிலில் கெட்டிக்காரர்கள், நாம் கற்றுக்கொடுத்துத்தான் அவர்களுக்குத் தெரியவேண்டும் என்பதில்லை, விவரம் தெரியாமல் இருப்பவன் பூட்டை நம்பிக் காசு கொடுத்தவன்தான் என்பது ஹாப்ஸ் கட்சியின் பதில். பிறகு அவர் லண்டனிலேயே பூட்டுக் கம்பெனி தொடங்கிவிட்டார் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது.

கணினிப் பாதுகாப்பு என்ற எங்கள் தொழிலில் கால் நூற்றாண்டாகக் குப்பை கொட்டுகிறேன். மாநாட்டில் பெரியவர்கள் மோதினாலும், டீக்கடையில் நாங்கள் மோதினாலும், கடைசியில் பேச்சு ஹாப்ஸிடம்தான் வந்து நிற்கும். மென்பொருளில் ஓட்டையைக் கண்டுபிடித்தவன் யாரிடம் சொல்லவேண்டும், எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருக்கவேண்டும்? இதற்கு இன்று ஒரு வழக்கம் இருக்கிறது. அந்த வழக்கத்தை எந்தச் சட்டமும் உருவாக்கவில்லை, எந்தக் கம்பெனியும் பெரிய மனசு வைத்துக் கொடுக்கவில்லை. சண்டை போட்டு வாங்கியது.

1988 நவம்பர் 2 அன்று கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டாப்பன் மோரிஸ், கணினிக்குக் கணினி தானே பரவும் 'புழு' நிரல் ஒன்றை இணையத்தில் விட்டார். அன்றைய இணையமே ஏறத்தாழ 60,000 கணினிகள்தான்; அதில் பத்தில் ஒரு பங்கு படுத்துவிட்டதாகக் கணக்கிட்டார்கள். மகன் இப்படி, அப்பாவோ அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமையில் கணினிப் பாதுகாப்பு விஞ்ஞானி. புழு நுழைந்த வழிகளில் ஒன்று, சென்ட்மெயில் என்ற அஞ்சல் மென்பொருளில் சோதனைக்காக வைத்து மூடாமல் விட்டிருந்த கதவு.

உடனே அமெரிக்க அரசு பிட்ஸ்பர்கில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், செர்ட் என்ற மையத்தை அமைத்தது. ஓட்டையைக் கண்டால் எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் கம்பெனிக்குச் சொல்கிறோம், அவர்கள் சரிசெய்த பிறகு அறிவிக்கிறோம் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. எப்போது சரிசெய்யவேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. மனு கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பது நமக்குப் பழக்கம். அமெரிக்கக் கணினி நிர்வாகிகளுக்குப் பொறுக்கவில்லை. 1993 நவம்பரில் ஸ்காட் சேஸின் என்பவர் 'பக்ட்ராக்' என்ற மின்னஞ்சல் குழுவைத் தொடங்கினார். ஓட்டை, அது வேலை செய்யும் விதம், அடைக்கும் வழி எல்லாம் அங்கே பட்டவர்த்தனமாக எழுதப்பட்டன. கம்பெனிகளுக்கு எரிச்சல். ஆனால் ஓட்டையை அடைக்கும் பேட்ச் வர ஆரம்பித்தது! 2000-இல் செர்ட்டே 45 நாள் கெடு என்று அறிவித்ததற்கு இந்த எரிச்சலும் காரணம் என்பது என் கட்சி.

அதே காலத்தில் பாஸ்டனில் ஒரு மாடியறையில், மற்றவர்கள் தூக்கிப்போட்ட கணினிகளைப் பொறுக்கிவந்து குவித்து வைத்துக்கொண்டு சில பேர் உட்கார்ந்திருந்தார்கள். லாஃப்ட் என்று குழுவுக்குப் பெயர். பகலில் வேலை, ராத்திரியில் இது. 1998 மே 19 அன்று அமெரிக்க செனட் குழு இவர்கள் ஏழு பேரையும் சாட்சியாகக் கூப்பிட்டது. மேசைமேல் பெயர்ப்பலகைகளில் மட்ஜ், வெல்ட் பாண்ட், கிங்பின், ஸ்பேஸ் ரோக் என்று புனைபெயர்கள்தான். தோள்வரை முடி வளர்த்திருந்த மட்ஜ் கோட்டு சூட்டோடு வந்து உட்கார்ந்திருக்கும் படம் எங்கள் ஆட்களிடையே குலதெய்வப் படம் மாதிரி. நாங்கள் நினைத்தால் 30 நிமிடத்தில் இணையத்தை முடக்கிவிட முடியும் என்று அங்கே சொன்னார்கள். பத்திரிகைகள் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டன. பாதுகாப்பில்லாத மென்பொருளை விற்கும் கம்பெனிகளுக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்று அவர்கள் சொன்னதை எடுத்துப்போட்டவர்கள் குறைவு. இரண்டே வருடத்தில், 2000 ஜனவரியில், லாஃப்ட்டும் முதலீட்டாளர் பணம் வாங்கி ஒரு கம்பெனியோடு ஐக்கியமாகிவிட்டது. ஹாப்ஸ் வழிதான்.

ஊருக்குச் சொல்லக்கூடாது என்ற எதிர்க்கட்சியின் வாதமும் லேசானது அல்ல. நான் அதை நேரில் பார்த்தேன். 2003 ஜனவரி 25, சனிக்கிழமை. நம்மூர் நேரப்படி காலை 11 மணிக்கு உலகமெங்கும் 'எஸ்கியூஎல் ஸ்லாமர்' புழு கிளம்பியது. நான் சென்னையில் ஒரு நிதி நிறுவனத்தில் சர்வர் பார்க்கும் சின்னப் பையன். ஸ்விட்சில் பச்சை விளக்குகள் வழக்கமாகக் கண்சிமிட்டும். அன்று சிமிட்டாமல் ஒரேயடியாக எரிந்தன. "என்னப்பா, நெட்டே வரலையே?" என்று மேனேஜர் வந்து நின்றார். "சார், எல்லா கேபிளையும் பிடுங்கிடட்டுமா?" என்றேன். அவர் முகம் போன போக்கு! புழு மொத்தமே 376 பைட். வட்டில் எழுதாது, நினைவகத்தில் மட்டும் இருக்கும். ரீபூட் செய்தால் போய்விடும்; கேபிள் இருந்தால் அடுத்த நிமிடமே திரும்ப வந்துவிடும். சர்வரை எல்லாம் சுத்தம் செய்தும் விளக்கு அடங்கவில்லை. கடைசியில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் ஒரு சாதாரண டெஸ்க்டாப்பில் போய்ப் பிடித்தோம். ஏதோ ஒரு மென்பொருளோடு மைக்ரோசாஃப்ட் டேட்டாபேஸின் குட்டி வடிவம் ஒட்டிக்கொண்டு வந்து உள்ளே உட்கார்ந்திருந்தது. அது அங்கே இருப்பது யாருக்கும் தெரியாது.

புழு நுழைந்த ஓட்டையைக் கண்டுபிடித்தவர் டேவிட் லிட்ச்ஃபீல்ட். மைக்ரோசாஃப்டிடம் முறையாகச் சொன்னார். 2002 ஜூலையில் பேட்ச் வந்தது. அதன் பிறகுதான் 'பிளாக் ஹாட்' மாநாட்டில் மாதிரிக் குறியீட்டை வெளியிட்டார். ஆறு மாதம் கழித்து வந்த புழுவில் அந்தக் குறியீட்டின் சாயல் இருந்தது. இனி இப்படி வெளியிடலாமா என்று அவரே வெளிப்படையாக யோசிக்க ஆரம்பித்தார். முறையாகச் சொல்லி, பேட்ச் வந்து, ஆறு மாதமும் ஆகி, அதற்குப் பிறகும் இப்படி என்றால் யாரைக் குறை சொல்வது? எங்கள் அக்கவுண்ட்ஸ் டெஸ்க்டாப்பை நினைத்தால் எனக்கு இன்றும் பதில் கிடைப்பதில்லை.

2003 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட், மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை மொத்தமாகப் பேட்ச் வெளியிடுவது என்று வைத்துக்கொண்டது. அவர்களுக்குக் காலை 10 மணி. நமக்குக் கோடையில் இரவு பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. தரமணியிலும் சோழிங்கநல்லூரிலும் எத்தனையோ பேருக்குச் செவ்வாய் இரவுத் தூக்கம் அதோடு போனது. பேட்ச் வந்த நிமிடமே எதிராளியும் அதை இறக்கிக்கொள்கிறான். பழைய கோப்பையும் புதியதையும் ஒப்பிட்டு, எதை மாற்றியிருக்கிறார்கள் என்று பார்த்தால் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். அதனால் புதன்கிழமை விடிவதற்குள் போட்டாகவேண்டும் என்று அடித்துக்கொள்வோம்.

மறைக்கப் பார்த்த கதைகளில் 2005-இல் நடந்ததை அடிக்க ஆளில்லை. சிஸ்கோ கருவிகளின் ஓட்டை பற்றி மைக்கேல் லின் என்பவர் ஒரு மாநாட்டில் பேசவிருந்தார். மாநாட்டுப் புத்தகத்திலிருந்து அவருடைய பக்கங்களை ஆள் வைத்துக் கிழித்தெடுத்தார்கள். லின் வேலையை ராஜினாமா செய்துவிட்டு மேடையேறிப் பேசிவிட்டார்.

அதற்கு நேர் எதிர் டேன் காமின்ஸ்கி. 2008-இல் இணையப் பெயர்களை முகவரிகளாக மாற்றும் டிஎன்எஸ் முறையிலேயே அவர் ஓட்டை கண்டார். பெயர் கேட்டு அனுப்பும் ஒவ்வொரு கேள்வியிலும் ஓர் எண் இருக்கும். அதே எண்ணோடு வரும் பதிலைத்தான் கணினி நம்பும். மொத்தம் 65,536 எண்கள்தான். எதிராளி இல்லாத பெயர்களாக மாற்றி மாற்றிக் கேட்கவைத்து, ஒவ்வொரு முறையும் பொய்ப் பதில்களை வாரியிறைத்தால் எப்படியும் ஒன்று பொருந்திவிடும். அந்தப் பதிலோடு முழுத் தளத்தின் முகவரியையே மாற்றிவிடலாம். அதாவது நீங்கள் வங்கியின் பெயரைத்தான் சரியாக அடிப்பீர்கள். போவது திருடன் வீட்டுக்கு.

காமின்ஸ்கி வெளியே மூச்சுவிடவில்லை. மார்ச் இறுதியில் 16 நிபுணர்கள் மைக்ரோசாஃப்ட் வளாகத்தில் கூடினார்கள். ஒன்றுக்கொன்று ஆகாத கம்பெனிகள் எல்லாம் ஒரே நாளில், ஜூலை 8 அன்று, பேட்ச் வெளியிட்டன. இன்னும் 30 நாள் யாரும் விவரத்தை ஊகித்து எழுதவேண்டாம், ஆகஸ்டில் மாநாட்டில் நானே சொல்கிறேன் என்று கேட்டுக்கொண்டார். சக நிபுணர்களுக்கு அங்கேதான் ரோஷம். விவரம் சொல்லாமல் நம்பு என்றால் எப்படி? 13-ஆம் நாளே ஒருவர் சரியாக ஊகித்துவிட, விவரம் தெரிந்த இன்னொரு தரப்பு அதை எழுதியே வெளியிட்டுவிட்டது. சீக்கிரமே எடுத்துவிட்டார்கள், அதற்குள் உலகம் நகல் எடுத்துவிட்டது. ஆனாலும் அந்த 13 நாள் பெரிய லாபம் என்பேன். முக்கியமான சர்வர்களில் பல அதற்குள் பேட்ச் போட்டுக்கொண்டன. காமின்ஸ்கி 2021-இல், 42 வயதில் காலமானார்.

2014-இல் கூகுளின் 'புராஜெக்ட் ஜீரோ' 90 நாள் கெடு என்று அறிவித்து, தயவு தாட்சண்யம் இல்லாமல் கடைப்பிடித்தது. இன்று ஏறக்குறைய அதுவே ஊர் வழக்கம்.

நம் நாட்டில் இந்த வழக்கம் பாதிதான் வந்து சேர்ந்திருக்கிறது. 2019-இல் சென்னைக்காரர் ஒருவர் இன்ஸ்டாகிராமில் பாஸ்வேர்டை மாற்றும் ஆறு இலக்க எண்ணைப் பல முகவரிகளிலிருந்து ஒரே நேரத்தில் ஊகித்துத் தாக்கலாம் என்று கண்டு சொன்னார். ஃபேஸ்புக் 30,000 டாலர் கொடுத்தது. அதே பையன் நம்மூர் அலுவலகம் ஒன்றின் தளத்தில் ஓட்டை கண்டால் என்ன செய்வான்? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, அனுமதியில்லாமல் ஒரு கணினிக்குள் போனால் இழப்பீடு கேட்கலாம் என்கிறது. கெட்ட எண்ணத்தோடு செய்ததாகக் காட்டினால் 66-ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறை. எண்ணம் எப்படிப்பட்டது என்று முதலில் முடிவு செய்யப்போவது ஸ்டேஷனில் புகாரை எழுதி வாங்குபவர். டெல்லியில் செர்ட்-இன் இருக்கிறது, அவர்களிடம் சொல்லலாம். என்னிடம் யோசனை கேட்டு வரும் பையன்களுக்கு அதைத்தான் சொல்கிறேன். சொந்தப் பெயரில் எழுதலாமா அண்ணா என்பதுதான் அவர்களுடைய அடுத்த கேள்வி.