ஊரறியக் கணக்கு

ஊர்ப் பொதுப்பணத்தின் கணக்கை ஊரார் முன்னிலையில் படித்துக் காட்ட வேண்டும் என்பது எளிய கருத்து. ஆயினும், குடியரசு இந்தியாவில் அது சட்டமாக நிலைபெறப் பெரியதொரு போராட்டம் தேவைப்பட்டது. அதன் முதன்மையான களம் ராஜஸ்தானத்தின் வறண்ட சிற்றூர்கள். பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய நமக்கு அவ்வரலாற்றில் தனியானதொரு பாடமும் உண்டு.

கணக்கு என்றதும் தமிழராகிய நாம் உத்தரமேரூரை நினைப்பது இயல்பு. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள், குடவோலை முறையில் வாரிய உறுப்பினரைத் தேர்ந்த வகையைக் கூறுகின்றன. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் குடவோலைக்கு உரியர் அல்லர் என்பது அங்கு விதி. நாம் பெருமை கொள்ளத்தக்க விதிதான். ஆனால், அது நிலமுடைய பிராமணர்களின் சபை. அவ்வூர் நிலத்தில் உழைத்த கூலியாள் கணக்குக் கேட்கும் இடம் அதில் இல்லை. அவ்விடத்தை உண்டாக்கும் முயற்சி நம் காலத்திலேதான் நிகழ்ந்தது.

1959ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், ராஜஸ்தானத்தின் நாகௌரில் பிரதமர் நேரு பஞ்சாயத்து ராஜ் அமைப்பைத் தொடங்கி வைத்தார். அதிகாரம் ஊரை நோக்கி வந்தது. கணக்கேடோ அலுவலகப் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. வறட்சிக் காலங்களில் சாலை போடவும் குளம் வெட்டவும் அரசு பணம் ஒதுக்கிற்று. இன்னார் இத்தனை நாள் உழைத்தார், இவ்வளவு கூலி பெற்றார் என்று மஸ்டர் ரோல் என்னும் வருகைப் பட்டியலில் எழுதினர். உழைத்தவர் கைக்கு வந்த கூலியோ குறைவு. பட்டியலைக் காட்டுக என்று கேட்டவருக்கு, அது அரசாங்க இரகசியம் என்பதே விடையாயிற்று. அவ்விடைக்குத் துணைநின்றது, ஆங்கிலேயர் 1923இல் இயற்றிய அரசு இரகசியச் சட்டம்.

1990ஆம் ஆண்டு மே முதல் நாளில், ராஜ்சமந்து வட்டாரத்து உழவரும் கூலியாட்களும் கூடி மஜ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் அமைப்பை நிறுவினர். அதற்கு உறுதுணையாய் நின்றவர்களுள் ஒருவர் அருணா ராய். சென்னையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, தில்லியில் வளர்ந்து, இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து, பின்னர் அதனைத் துறந்தவர் அவர்.

1994ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், பாலி மாவட்டத்துக் கோட்கிரானா என்னும் ஊரில் இவ்வமைப்பு முதலாவது 'ஜன் சுன்வாய்' நடத்திற்று. மக்கள் விசாரணை என்று அதனைத் தமிழில் கூறலாம். முறை மிக எளியது. ஊர்ப் பொதுவிடத்தில் பந்தல், ஓர் ஒலிபெருக்கி, வெளியூரிலிருந்து வந்த நடுவர் சிலர். அதிகாரிகளுக்கும் பஞ்சாயத்துத் தலைவருக்கும் விடையளிக்க அழைப்பு உண்டு. பட்டியலிலுள்ள பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கப் படிப்பர். பெயருக்குரியவர் எழுந்து, தாம் உழைத்தது உண்டா, பெற்ற கூலி எவ்வளவு என்பதைச் சபையறியக் கூறுவர்.

இத்தகைய விசாரணைகளில் வெளிப்பட்டவை யாவை? இறந்தோர் கூலி பெற்றதாக எழுதப்பட்டிருந்தது. பிழைப்புத் தேடி ஊரை விட்டு அகன்றோரும் அதே ஊரில் மண் சுமந்ததாகக் காட்டப்பட்டிருந்தனர். நேயர்களே, இதனை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். எதிரில் நிற்பவன் பெயரில் பொய் எழுதுவோர்க்கு அச்சம் உண்டு. ஊரில் இல்லாதவன் பெயரில் எழுதுவோர்க்கு அச்சமேது? தணிக்கை அதிகாரி தாளோடு தாளை ஒப்பிட்டுக் கூட்டல் சரி என்று கையொப்பமிடுவார். அப்பெயருக்குரியவன் ஊரில் இல்லை என்பதை அறிந்தவர் அண்டை வீட்டாரே. ஊரார் கூடிய சபைக்கு நிகரான தணிக்கையாளர் வேறில்லை என்பதை ராஜஸ்தான் மக்கள் இவ்வாறு மெய்ப்பித்தனர்.

கணக்கைப் பார்வையிட்டால் மட்டும் போதாது, அதன் நகல் வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தியதற்கும் காரணம் இதுவே. எழுத்தறியாதார் அலுவலகத்தில் ஏட்டைப் பார்த்துப் பயனில்லை. நகல் கைக்கு வந்தால் சபையில் படிக்கலாம். நகல் தருவதாக மாநில அரசு 1995இல் வாக்களித்தது; ஓராண்டு கழிந்தும் நகல் கிடைக்கவில்லை. எனவே, 1996ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் பியாவர் நகரில் அறப்போர் தொடங்கி 40 நாட்கள் நீடித்தது. 'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்பது அவர்தம் முழக்கம். நகரமக்கள் உணவுப் பொருளும் பணமும் அளித்து ஆதரித்தனர்.

அதன் பயன் நாடெங்கும் பரவிற்று. 1997இல் தமிழ்நாடு, தகவலறியும் உரிமைக்கெனச் சட்டம் இயற்றிய முதல் மாநிலமாயிற்று. விலக்குகள் மிகுந்திருந்தமையால் அச்சட்டம் வலிவு குன்றியே இருந்தது. ராஜஸ்தான் 2000ஆம் ஆண்டில் தன் சட்டத்தைக் கண்டது. 2005ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் முதல், நாடாளுமன்றம் இயற்றிய தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் இயற்றப்பெற்ற ஊரக வேலை உறுதிச் சட்டம், கிராம சபையே பணிகளைச் சமூகத் தணிக்கை செய்தல் வேண்டும் என்று விதித்தது. கோட்கிரானாவின் பந்தல் சட்டப் புத்தகத்தில் இடம்பெற்றுவிட்டது.

எனினும், சட்டம் கதவைத் திறக்குமேயன்றி நம்மைக் கைபிடித்து அழைத்துச் செல்லாது. ஓர் ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயர் பதிந்தோர் அனைவரும் கிராம சபையின் உறுப்பினர் என்கிறது அரசியலமைப்பு. தாய்மொழி எது, எந்த மாநிலத்தார் என்ற வினா அங்கு இல்லை. மூன்று இலட்சமோ அதற்கு மேலோ மக்கள் வாழும் நகரங்களுக்கு வார்டுக் குழுக்களையும் அது வகுத்துள்ளது. கிராம சபையைப் போல எல்லா வாக்காளரும் அமரும் சபையன்று அது. ஆயினும் நகராட்சியின் கணக்கை எழுத்து வாயிலாகக் கேட்டுப் பெறும் உரிமை நமக்கு உண்டு.

சொந்த ஊரில் நாம் இல்லை. வந்த ஊரிலோ, நமக்கேன் இந்த வம்பு என்று ஒதுங்குகிறோம். இவ்வாறு இரண்டு ஊர்களிலும் இல்லாதவராய் இருத்தல் தகுமா? குடியிருக்கும் இடத்தில் பெயரைப் பதிவோம். கூட்டம் கூடும் நாளை அறிந்து செல்வோம். அவ்வூர் மொழியில் பிழையாகப் பேசினும் கணக்கைக் கேட்போம். பட்டியலில் நம் பெயர் படிக்கப்படும்போது எழுந்து நிற்க நாம் அங்கே இருத்தல் வேண்டும்.