காலேஜும் கச்சேரியும் ஒரே ரோட்டில்

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணா பையன் திருவனந்தபுரத்திலிருந்து கூப்பிட்டான். பி.டெக் முடித்து எட்டு மாசம் ஆகிறது. இன்னும் வேலை இல்லை. குசலமெல்லாம் விசாரித்து முடித்து, போனை வைக்கப் போகிற நேரத்தில் கேட்டான்: "சித்தப்பா, இந்த டிகிரியை வெச்சுண்டு பிரயோஜனம் என்னாக்கும்?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "எல்லாம் சரியாயிடும்டா" என்று சொல்லி வைத்துவிட்டேன். நாம் எல்லோரும் சொல்கிற பதில்தான். வைத்தபிறகு மனசு கேட்கவில்லை. நியூஜெர்சி குளிரில் வெளியே போகவும் வழியில்லை. உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த யோசனைதான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். திருவனந்தபுரம் போயிருப்பவர்களுக்கு பாளையம் தெரிந்திருக்கும். அங்கே யூனிவர்சிட்டி காலேஜ். அங்கிருந்து எம்.ஜி. ரோட்டில் தெற்கே பத்து நிமிஷம் நடந்தால் ஸ்டேச்சூ, அதாவது செக்ரட்டேரியட். அந்தக் காலத்தில் அதற்கு ஹஜூர் கச்சேரி என்று பெயர். கச்சேரி என்றதும் மிருதங்கத்தை நினைக்காதீர்கள் :-) சர்க்கார் ஆபீஸ்.

டிகிரி தருகிற கட்டிடமும் வேலை தருகிற கட்டிடமும் ஒரே ரோட்டில். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வயசு. செக்ரட்டேரியட் 1869-ல் முடிந்தது. காலேஜின் கட்டிடம் 1873-ல் திறந்தது. காலேஜின் கதை அதற்கும் முந்தியது. சுவாதித் திருநாள் மகாராஜா, நாகர்கோவிலில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்த ராபர்ட்ஸ் என்ற வெள்ளைக்காரரை 1834-ல் திருவனந்தபுரத்துக்குக் கூப்பிட்டு ஒரு பள்ளி ஆரம்பிக்கச் சொன்னார். இரண்டு வருஷத்தில் அது ராஜாவின் இலவசப் பள்ளி ஆனது. 1866-ல் காலேஜாகி, சென்னைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது.

அப்போது திவான் கும்பகோணத்துக்காரரான டி. மாதவராவ். இளவரசர்களுக்கு வாத்தியாராக 1849-ல் வந்தவர், முப்பது வயசை ஒட்டி திவானாகவே ஆகிவிட்டார். அவர் காலத்தில்தான் நிர்வாகம் புது அச்சில் வார்க்கப்பட்டது. பரீட்சை பாஸ் பண்ணினவனுக்கு மதிப்பு வந்தது. படித்தால் சர்க்கார் உத்தியோகம் என்ற நம்பிக்கை அந்த ரோட்டில்தான் முளைத்தது.

எங்கள் வீட்டுக் கதையும் அங்கேதான் ஆரம்பம். கொள்ளுத்தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கச்சேரியில் குமாஸ்தா ஆனவர். கரமனை அக்ரஹாரத்தில் குடியேறினார். பாட்டி இந்தக் கதையை நூறு தடவை சொல்லியிருப்பாள். "தெருவிளக்கில் படிச்சார், பாஸ் பண்ணினார், உத்தியோகம் கிடைச்சது." அவ்வளவுதான் கதை. படிப்பு, பாஸ், உத்தியோகம். நடுவில் வேறெதுவும் கிடையாது. என்னையும் அண்ணாவையும் படிக்க உட்காரவைத்தது அந்தக் கதைதான். தெருவிளக்கு மட்டும் எல்லா வீட்டுக் கதையிலும் எப்படி வருகிறதோ தெரியவில்லை!

அந்தக் கதையில் விட்டுப்போன பாதி எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் கிடைத்தது.

*

1891 ஜனவரியில் மூலம் திருநாள் மகாராஜாவிடம் ஒரு விண்ணப்பம் போனது. மலையாளி மெமோரியல் என்று பெயர். பத்தாயிரத்துக்கும் மேல் கையெழுத்து. சாரம் இதுதான்: நாங்கள் இந்த மண்ணில் பிறந்தவர்கள், படித்தவர்கள், பட்டம் வாங்கினவர்கள். ஆனால் நல்ல உத்தியோகமெல்லாம் வெளியிலிருந்து வந்த பரதேசிப் பிராமணர்களுக்கே போகிறது. திருவிதாங்கூர் திருவிதாங்கூர்க்காரர்களுக்கே.

பரதேசி. நம் தமிழில் அது வசவு. அங்கே அதன் நேர் அர்த்தம், வேறு தேசத்தான். அந்தப் பரதேசிகளில் ஒருவர் என் கொள்ளுத்தாத்தா.

முதன்முதலாக இதைப் படித்தபோது கோபம்தான் வந்தது. கஷ்டப்பட்டுப் படித்து வந்தவரைப் பார்த்து இப்படிச் சொல்லலாமா என்று. அந்தக் கால அக்ரஹாரத்துக்காரர்களுக்கும் அதே கோபம். தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கிறோம், நாங்கள் எப்படி வெளியூர்க்காரர்கள் என்று எதிர் விண்ணப்பம் போட்டார்கள்.

ஆனால் விண்ணப்பம் போட்டவர்கள் யாரென்று பாருங்கள். முன்னால் நின்றவர் ஜி. பரமேஸ்வரன் பிள்ளை. திவானைக் கண்டித்துப் பத்திரிகையில் எழுதியதற்காக 1882-ல் இதே திருவனந்தபுரம் காலேஜிலிருந்து வெளியேற்றப்பட்டவர். சென்னைக்குப் போய்ப் படித்துப் பட்டம் வாங்கி, மெட்ராஸ் ஸ்டாண்டர்டு பத்திரிகைக்கு ஆசிரியர் ஆனார். 1896-ல் காந்தி சென்னைக்கு வந்தபோது பெரிய உதவி செய்ததாகக் காந்தியே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இன்னொருவர் சி.வி. ராமன் பிள்ளை. அதே காலேஜில் பி.ஏ. அவருடைய மார்த்தாண்டவர்மா நாவல் வந்ததும் அதே 1891-ல்.

இன்னொரு தற்செயலையும் சொல்லவேண்டும். அதே 1891-ல் அதே ஊரிலிருந்து ஒரு தமிழ் நூலும் வந்தது: மனோன்மணீயம். எழுதிய பெ. சுந்தரம் பிள்ளை ஆலப்புழையில் பிறந்த தமிழர், அந்தக் காலேஜில் தத்துவப் பேராசிரியர். தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் தினமும் பாடுகிற தமிழ்த்தாய் வாழ்த்து அந்த நூலில் உள்ளதுதான். ஒரு பக்கம் வெளியூர்க்காரர்கள் வேண்டாம் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள், இன்னொரு பக்கம் ஒரு தமிழர் அதே ஊரில் உட்கார்ந்து தமிழுக்கு வாழ்த்து எழுதி அச்சடிக்கிறார். எப்பேர்ப்பட்ட வருஷம்!

*

இப்போது நான் சொல்ல வந்த ஆளுக்கு வருகிறேன். அந்த மெமோரியலில் முன்வரிசைக் கையெழுத்துகளில் ஒன்று, டாக்டர் பல்புவுடையது.

பல்பு 1863-ல் திருவனந்தபுரம் பேட்டையில் பிறந்தவர். கச்சேரியிலிருந்து ரொம்ப தூரமில்லை. ஈழவர் சமூகம். டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டு சமஸ்தானத்துப் பரீட்சை எழுதித் தேறினார். சேர்த்துக்கொள்ளவில்லை. சென்னைக்குப் போனார். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்து எல்.எம்.எஸ். வாங்கினார். ஊருக்குத் திரும்பி வேலை கேட்டார். இல்லை என்றார்கள். காரணம் ஜாதி.

அவருடைய அண்ணா வேலாயுதன் பி.ஏ. ஈழவர்களில் முதல் பட்டதாரி என்று சொல்வார்கள். அவருக்கும் திருவிதாங்கூரில் வேலை இல்லை. சென்னை மாகாணத்தில் கிடைத்தது. பல்புவை மைசூர் சமஸ்தானம் எடுத்துக்கொண்டது. 1898-ல் பெங்களூரில் பிளேக் வந்து, ஊரே காலி செய்துகொண்டு ஓடியபோது, பிளேக் முகாமில் நின்று வேலை பார்த்தவர்களில் அவரும் ஒருவர்.

கவனியுங்கள். அதே பல்பு, அதே எல்.எம்.எஸ். பேட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில் அதற்கு மதிப்பு பூஜ்யம். பெங்களூரில் அது உயிர் காக்கிற படிப்பு. காகிதத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. வாசலில் நிற்கிறவர் மாறினார்.

மலையாளி மெமோரியலுக்கு வந்த பதிலில் ஈழவர்களைப் பற்றிச் சர்க்கார் சொன்னது என்ன தெரியுமா? அவர்கள் பொதுவாகப் படிப்பில்லாதவர்கள், விவசாயம், கயிறு திரிப்பது, கள் இறக்குவது என்று தங்கள் தொழிலிலேயே இருக்க விரும்புகிறவர்கள் என்று. ஒரு டாக்டரும் ஒரு பி.ஏ.வும் கண் முன்னால் நிற்கும்போது இந்தப் பதில்! பக்கத்திலேயே பிரிட்டிஷ் மலபாரில், ஈழவர்களுக்கு நிகரான தீயர் சமூகத்தார் உயர் உத்தியோகத்தில் இருந்தார்கள். மெமோரியலால் நாயர்களுக்குக் கொஞ்சம் கதவு திறந்தது. ஈழவர்களுக்குத் திறக்கவில்லை.

பல்பு மைசூர் சம்பளத்தை வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நம்மில் பலர் அப்படித்தான் இருப்போம். அவர் இருக்கவில்லை. 1895-ல் திவானுக்குத் தன் பெயரில் எழுதினார். பலனில்லை. பிறகு ஊர் ஊராக ஆள் சேர்த்து, 1896 செப்டம்பரில் 13,176 கையெழுத்தோடு ஈழவ மெமோரியலை மகாராஜாவிடம் கொடுத்தார். அதற்கும் பெரிதாகப் பலனில்லை. 1903-ல் ஸ்ரீ நாராயண குரு தலைமையில், குமாரன் ஆசானைச் செயலாளராகக் கொண்டு எஸ்.என்.டி.பி. யோகம் உருவானபோது அதன் பின்னால் நின்றவர்களில் முக்கியமானவர் பல்பு. பிறகு 1930-களில் ஈழவர்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் சேர்ந்து நடத்திய நிவர்த்தனப் போராட்டம். அதற்கப்புறம் 1936-ல்தான் திருவிதாங்கூரில் உத்தியோகத்துக்கு ஆள் எடுப்பதைக் கவனிக்கத் தனியாக ஒரு பப்ளிக் சர்வீஸ் கமிஷனர் வந்தார். இன்று கேரளத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து எழுதுகிற பி.எஸ்.சி. பரீட்சைக்கு அதுதான் வேர்.

பல்பு முதலில் கதவைத் தட்டியதற்கும் கமிஷனர் வந்ததற்கும் நடுவில் ஐம்பது வருஷம். அவர் 1950 வரை இருந்தார். பார்த்துவிட்டுத்தான் போனார்.

*

பாட்டி கதையில் விட்டுப்போன பாதி இதுதான். கொள்ளுத்தாத்தா படித்தது நிஜம், பாஸ் பண்ணினது நிஜம். ஆனால் அவருக்குக் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. அவரைவிடப் பெரிய படிப்பு படித்த ஒருவருக்கு, அதே ஊரில், அதே கதவு சாத்தியிருந்தது. தெருவிளக்கைப் பற்றிச் சொன்ன நாங்கள் கதவைப் பற்றிச் சொல்லவே இல்லை.

எனக்கு இது புரிய இந்த ஊர் தேவைப்பட்டது. 2009-ல் என் வேலை போனது. எச்1பி விசா. வேலை போனால் விசாவும் ஆட்டம் காணும். பெரியவளுக்கு அப்போது நாலு வயசு. நூற்றுக்கும் மேல் விண்ணப்பம் போட்டேன். முக்கால்வாசிக்குப் பதிலே இல்லை. வந்த பதிலிலும் "விசா ஸ்பான்சர் பண்ணமாட்டோம்" என்ற ஒற்றை வரி. பக்கத்து வீட்டுக்காரர் ரொம்ப நல்லவர், பனி விழுந்தால் என் வாசலையும் சேர்த்து வாருவார். அவர் ஒருநாள் டிவி பார்த்துக்கொண்டே சொன்னார், இங்கத்து வேலை இங்கத்துப் பிள்ளைகளுக்குத்தானே போகவேண்டும் என்று. அவர் பையனுக்கும் அப்போது வேலையில்லை.

அன்றைக்கு நான் பரதேசி. 1891-ல் கையெழுத்துப் போட்டவர்களின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதில் வெறுப்பு இல்லை. பையனைப் பற்றிய கவலைதான் இருந்தது.

வேலை கடைசியில் எப்படிக் கிடைத்தது? பழைய ஆபீஸில் என்னோடு ஆணி பிடுங்கிய ஒரு நண்பர், தன் மேலாளரிடம் என் பெயரைச் சொன்னார். அவ்வளவுதான். டிகிரி இல்லாவிட்டால் அவர் சொல்லியிருக்க முடியாது. அவர் சொல்லாவிட்டால் டிகிரி பெட்டியிலேயே இருந்திருக்கும்.

*

நேற்று பையனை நானே கூப்பிட்டேன். பல்பு கதை முழுக்கச் சொன்னேன். "கொள்ளுத்தாத்தா பக்கம் வில்லன் பக்கமா சித்தப்பா?" என்றான். வில்லன் இல்லை, திறந்த கதவு வழியாக உள்ளே போனவர், அது திறந்திருக்கிறது என்பதையே கவனிக்காதவர் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

பிறகு எனக்குத் தெரிந்த மூன்றே விஷயத்தைச் சொன்னேன். பதில் வராததை உன் படிப்புக்குப் போட்ட மார்க்காக எடுத்துக்கொள்ளாதே. வாசலில் இருப்பவர் எதைப் பார்க்கிறார் என்பது உன் கையில் இல்லை. இரண்டாவது, ஒரே வாசலில் நிற்காதே. நம்மூரில் பி.எஸ்.சி. ரேங்க் லிஸ்டில் பெயர் வந்தும் வேலை வராமல், 2021 பிப்ரவரியில் பிள்ளைகள் அதே செக்ரட்டேரியட் முன்னால் முட்டிபோட்டு நகர்ந்து போராடினார்களே, பார்த்தாய் இல்லையா? லிஸ்டை நம்பு, ஆனால் காத்திருக்கிற நேரத்தில் கழக்கூட்டத்துக்கும் போ, பெங்களூருக்கும் எழுது. 1990-ல் டெக்னோபார்க் வரும்வரை உன் மாதிரிப் பையனுக்கு ஊரில் இப்படி இன்னொரு வாசலே இல்லை. மூன்றாவது, தனியாகத் தேடாதே. உன்னோடு படித்த பத்துப் பேரும் தேடுகிறார்கள் இல்லையா? எங்கே ஆள் எடுக்கிறார்கள், என்ன கேட்டார்கள் என்று வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். ஒருவன் உள்ளே போனால் அடுத்தவன் பெயரைச் சொல்லட்டும். பல்பு தனியாக எழுதின கடிதம் ஒன்று. பிறகு சேர்த்த கையெழுத்து 13,176.

"அதுக்கும்தான் உடனே வேலை கிடைக்கலையே சித்தப்பா" என்றான்.

உண்மைதான். கிடைக்கவில்லை. ஆனால் அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்குக் கிடைத்தது. இதை வேலையில்லாத பையனிடம் சொன்னால் சோறு போடுமா என்று எனக்கே சந்தேகமாக இருந்ததால் சொல்லவில்லை. அவனுடைய பயோடேட்டாவை அனுப்பச் சொன்னேன். இரண்டு பேரிடம் பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பையனோ பெண்ணோ இருப்பார்கள். அடுத்த தடவை கூப்பிடும்போது "எல்லாம் சரியாயிடும்" என்பதோடு நிறுத்தாமல், பயோடேட்டாவைக் கேட்டு வாங்குங்கள். நமக்கும் யாரோ ஒருவர் எங்கேயோ பெயரைச் சொல்லித்தானே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறோம்?