வடிவமைத்தவரும் வாங்கியவரும்: தேஜஸ் நெட்வேர்க்ஸ் வரலாறு

2000ஆம் ஆண்டளவில் ரொறன்ரோவில் வேலை பார்த்த எம்மவர் யாரிடமாவது நோர்டெல் என்று சொல்லிப் பாருங்கள். ஓய்வூதியச் சேமிப்பு கரைந்த கதை ஒன்றாவது வரும். பிரம்டனைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அந்தத் தொலைத்தொடர்புக் கம்பனி, உச்சத்தில் நின்றபோது ரொறன்ரோ பங்குச்சந்தைச் சுட்டெண்ணில் மூன்றிலொன்றுக்கு மேல் தானாகவே இருந்தது. 124 கனடிய டொலர் வரை ஏறிய பங்கு 2002இல் ஒரு டொலருக்கும் கீழே போயிற்று. 2009 ஜனவரி 14ஆம் திகதி கம்பனி வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. அந்தச் சரிவில் அடிபட்டவர்களில் பெங்களூர்க் கம்பனி ஒன்றும் உண்டு. தான் வடிவமைத்த கருவிகளை நோர்டெல்லின் பெயரில் விற்கக் கொடுத்துவந்த தேஜஸ் நெட்வேர்க்ஸ் அது. நோர்டெல் இன்று இல்லை, தேஜஸ் இருக்கிறது. ஏன் என்பதைப் பார்ப்பது எங்கள் அனலைதீவுக்காரருக்கும் பயன்படும்.

ஹூப்ளியில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து 1973இல் வெளியேறிய குருராஜ் தேஷ்பாண்டே அமெரிக்காவில் கஸ்கேட், சைக்கமோர் ஆகிய வலையமைப்புக் கருவிக் கம்பனிகளைத் தொடங்கிப் பெரும் பணம் கண்டவர். 2000இல் அவரது முதலீட்டோடு சஞ்சய் நாயக், ஆர்னப் ராய், குமார் சிவராஜன் ஆகிய மூவரும் தேஜஸைத் தொடங்கினர். பெங்களூர் என்றால் மென்பொருள் என்றிருந்த காலம் அது. வன்பொருள் செய்ய விரும்பியவர்களை எல்லோரும் ஒருமாதிரித்தான் பார்த்தார்கள். ஆனால் இவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. சிவராஜனும் சென்னை ஐ.ஐ.டி. மாணவர், கல்டெக்கில் கலாநிதிப் பட்டம் பெற்று, ஐ.பி.எம்.மின் வொட்சன் ஆய்வகத்தில் பணியாற்றி, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கற்பித்தவர். அதே ஐ.ஐ.டி.யில் படித்த ராஜீவ் ராமசுவாமியுடன் சேர்ந்து ஒளியியல் வலையமைப்புகள் பற்றி அவர் எழுதிய நூல் 1998இல் வெளிவந்து, பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பாடநூலாயிற்று. பாடநூலை எழுதியவரே கருவியையும் செய்ய இறங்கியது அபூர்வம்.

அந்தக் கருவி என்ன செய்கிறது? ஒரு குரலை இலக்கமாக்க விநாடிக்கு 8,000 தடவை அதை அளக்கிறார்கள். ஆகவே வலையமைப்பும் விநாடிக்கு 8,000 தரவுச் சட்டங்களை அனுப்புகிறது. 125 மைக்ரோவிநாடிக்கு ஒன்று. ஒளியிழை வழியே இப்படி அனுப்பும் எஸ்.டி.எச். முறையின் அடிப்படைச் சட்டத்தில் 9 நிரை, 270 நிரல். பெருக்கினால் 2,430 பைட். பைட்டுக்கு 8 பிட். அதை 8,000ஆல் பெருக்க, விநாடிக்கு 155.52 மெகாபிட் வரும். 30 அழைப்புகளைக் கொண்ட 2 மெகாபிட் தடங்கள் 63 இதற்குள் அடங்கும். ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் ஊர்காவற்றுறை இறங்குதுறையிலிருந்து நேரத்துக்குப் புறப்படுகிற வள்ளம் போல, தரவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அடுத்த சட்டம் புறப்பட்டே ஆகவேண்டும். சிக்கல் எங்கே என்றால், இரு ஊர்களின் கடிகாரங்கள் ஒருபோதும் மிகச்சரியாக ஒத்துப்போவதில்லை. அதனால் ஒவ்வொரு சட்டத்திலும் உள்ளிருக்கும் சரக்கு எந்த இடத்தில் தொடங்குகிறது என்று காட்டும் சுட்டி ஒன்று உண்டு. கடிகாரம் விலக விலகச் சுட்டி நகரும். ஒளியிழை எங்காவது அறுந்தால், வளையத்தின் மறுபக்கத்தால் 50 மில்லிவிநாடிக்குள் போக்குவரத்தைத் திருப்பவும் வேண்டும். பேசிக்கொண்டிருப்பவருக்கு அது தெரியவே கூடாது.

இந்த வேகத்தில் சாதாரணக் கணினியின் மென்பொருள் ஒவ்வொரு பைட்டையும் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, சில்லுதான் செய்யவேண்டும். பெரிய கம்பனிகள் தங்களுக்கென்றே தனிச் சில்லு வார்ப்பித்தன. அதற்கு முதலிலேயே பல மில்லியன் டொலர் கொட்டவேண்டும். விற்பனை இலட்சக்கணக்கில் இருந்தால்தான் கட்டும். தேஜஸ் வேறு வழியில் போயிற்று. நாயக்கும் ராயும் முன்னர் பணியாற்றிய சின்ப்ளிசிட்டி, எஃப்.பி.ஜி.ஏ. எனப்படும் சில்லுகளுக்கு மென்பொருள் செய்த கம்பனி. இவ்வகைச் சில்லில், ஆலையிலிருந்து வெளிவந்த பிறகும் உள்ளிணைப்புகளை மாற்றி எழுதலாம். ஒன்றின் விலை கூடத்தான். ஆனால் முதற்செலவு இல்லை, பிழை கண்டால் திருத்தலாம். எல்லாவற்றிலும் மேலாக, போக்குவரத்து குரலிலிருந்து இணையத் தரவுக்கு மாறியபோது, களத்தில் ஏற்கனவே பூட்டியிருந்த அட்டைக்கே புதிய வேலை கற்பிக்க முடிந்தது. ஏழைக் கம்பனியின் சிக்கனத்திலிருந்து பிறந்த முடிவு பின்னாளில் அதன் பலமானது.

திறமை இருந்தது. வாங்க ஆள்? கம்பனி தொடங்கிய மறு வருடமே உலகத் தொலைத்தொடர்புச் சந்தை சரிந்தது. இந்தியாவுக்குள் கைத்தொலைபேசி பரவிய காலம் என்பதால் தேஜஸ் தப்பியது. பின்னர் நோர்டெல் வந்தது, போனது. அதன்பின் உள்நாட்டு அரச நிறுவனங்களை, முக்கியமாகத் தொலைபேசி நிறுவனமான பி.எஸ்.என்.எல்.லை, நம்பவேண்டியதாயிற்று. 2017 ஜூனில் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றார்கள். பங்கு ஒன்று 257 ரூபா. அரசை நம்பியதன் விலை 2019-20இல் தெரிந்தது. அரசுக் கொள்வனவு முடங்கவும் வருமானம் முந்திய ஆண்டின் பாதிக்கும் கீழே இறங்கியது. பி.எஸ்.என்.எல். தனது 4ஜி கேள்விப்பத்திரத்தை 2020 ஜூலையில் அடியோடு இரத்துச் செய்தது.

அதற்கு முந்திய மாதம் கல்வான் பள்ளத்தாக்கில் இந்திய, சீனப் படைகள் மோதியிருந்தன. சீனக் கருவிகள் மீது சந்தேகம் வலுக்க, நிலைமை தலைகீழானது. 2021 ஜூன் முதல், நம்பகமானது என்று அரசு ஏற்றுக்கொண்ட இடத்திலிருந்து மட்டுமே தொலைத்தொடர்புக் கருவி வாங்கலாம் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாதமே டாட்டா குழுமம் தேஜஸின் 43 வீதப் பங்கை ஏறத்தாழ 1,850 கோடி ரூபாவுக்கு வாங்குவதாக அறிவித்தது. 2023இல் ஏறத்தாழ ஓர் இலட்சம் பி.எஸ்.என்.எல். கோபுரங்களுக்கு 4ஜி வானலைக் கருவிகள் வழங்க, அதே குழுமத்தின் டி.சி.எஸ். வழியாக 7,492 கோடி ரூபாக் கட்டளை கிடைத்தது. 2025 செப்டெம்பர் 27இல் அந்த வலையமைப்பை ஒடிசாவின் ஜார்சுகுடாவில் பிரதமர் மோடி தொடக்கிவைத்தார்.

இதை வெற்றிக் கதையாக மட்டும் சொல்வது நேர்மையல்ல. இந்தியாவில் 4ஜி முதன்முதல் கொல்கத்தாவில் வந்தது 2012இல். பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர் ஒரு பத்தாண்டுக்கு மேல் பின்தங்கிய சேவையோடு கிடந்தார், அதன் கடைசி ஆண்டுகள் சுதேசிக் கருவிக்காகக் காத்திருந்தவை. பலர் விட்டுப் போய்விட்டார்கள். அந்தச் செலவு எந்த ஐந்தொகையிலும் எழுதப்படவில்லை. ஆனாலும் என் முடிவு இதுதான்: நோர்டெல்லுக்கு அறிவு குறைவாக இருந்து அது விழவில்லை, அதன் ஒளியியல் பிரிவை சியெனா என்ற கம்பனி போட்டியிட்டு வாங்கியதே அதற்குச் சாட்சி. தேஜஸ் நின்றதும் அறிவினால் மட்டுமல்ல. குறையோடும் தாமதத்தோடும் என்றாலும், திரும்பத் திரும்ப வாங்க வீட்டிலேயே ஒருவர் இருந்தார்.

இந்திய, சீன எல்லையில் நடந்ததன் சாயல் எங்கள் கடலிலும் விழுந்தது. 2021 ஜனவரியில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் கலப்பு மின் திட்டம் அமைக்கும் பணி சீனாவின் சினோசோர்-எடெக்வின் கூட்டுக்கு வழங்கப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தது. அவ்வாண்டு டிசம்பரில், மூன்றாந் தரப்பின் பாதுகாப்புக் கவலையால் திட்டம் நிறுத்தப்பட்டதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. இந்திய நன்கொடையில், 2024 மார்ச் 1ஆம் திகதி, அதே பெங்களூரின் யூ-சோலார் நிறுவனத்துடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. மூன்று தீவுக்குமாக 530 கிலோவாட் காற்று, 1,700 கிலோவாட் சூரியன், 2,400 கிலோவாட் மணி மின்கலம், துணைக்கு 2,500 கிலோவாட் டீசல். இந்த நான்கையும் இசையவைத்து 50 ஹேர்ட்ஸில் பிடித்து நிறுத்துவதும் தரவு வாங்கி முடிவெடுக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிதான். பெட்டி யாருடையது என்று டெல்லியும் பெய்ஜிங்கும் சண்டை பிடித்தன. தீவார் எவரையும் யாரும் கேட்டதாக நான் அறியவில்லை.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் இயங்குகிறது. மின், இலத்திரனியல், கணினிப் பொறியியல் அங்கே கற்பிக்கப்படுகின்றன. எஃப்.பி.ஜி.ஏ. அட்டை ஒன்றில் வலையமைப்புச் சுற்று எழுதக்கூடிய மாணவர் உருவாக இது போதும். அவர்கள் செய்வதை வாங்கத்தான் ஆள் வேண்டும். இம்மலரை வாசிக்கும் அனலைதீவாரில் ரொறன்ரோவிலும் லண்டனிலும் தொலைத்தொடர்பு, மின் கம்பனிகளில் பொறுப்பில் இருப்போர் பலர். ஊர்ப் பள்ளிக்குக் கணினி அனுப்புவதை நிறுத்தச் சொல்லவில்லை. அதோடு, உங்கள் கம்பனிக்குத் தேவையான சிறிய அளவீட்டு அட்டை ஒன்றையாவது அந்தப் பீடத்தின் பட்டதாரிகளிடம் விலை கேட்டு, சோதித்து, சரியாக இருந்தால் பணம் கொடுத்து வாங்குங்கள். முதல் அட்டையில் பிழை இருந்தால் இரண்டாவதற்கும் கட்டளை கொடுங்கள்.