நீராவி வைத்த பரீட்சை

திண்டிவனத்தில் ரயில்வே தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள், நான் ரிட்டையர் ஆன ஸ்டேஷன் மாஸ்டர் என்று தெரிந்தால் கேட்கும் முதல் கேள்வி: "சார், சைக்கோ டெஸ்ட் கஷ்டமா?"

உதவி லோகோ பைலட், ஸ்டேஷன் மாஸ்டர் வேலைகளுக்கு எழுத்துத் தேர்வோடு விடுவதில்லை. கணினி முன் உட்கார வைத்து நினைவாற்றல், கவனம், சொன்னதைச் சொன்னபடி செய்யும் திறன் எல்லாவற்றையும் சோதிக்கிறார்கள். ஒவ்வொரு பகுதியிலும் 'டி-ஸ்கோர்' என்ற மதிப்பெண் குறைந்தது 42 வேண்டும். எந்தப் பிரிவினருக்கும் அதில் தளர்வு கிடையாது. ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஆளுமை பற்றிய கேள்விகளும் உண்டு. இந்தச் சோதனை ரயில்வேக்குள் எப்படி வந்தது என்பதை விழுப்புரம் லோகோ ஷெட்டிலிருந்துதான் சொல்ல வேண்டும்.

1870களில் சென்னையிலிருந்து தெற்கே வந்த மீட்டர்கேஜ் பாதை, 1879-இல் பாண்டிச்சேரிக் கிளை, பிறகு காட்பாடிப் பாதை, 1929-இல் விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குப் போன கார்டு லைன். இப்படித்தான் விழுப்புரம் பெரிய ஜங்ஷன் ஆனது. ஜங்ஷன் என்றால் ஷெட். ஷெட் என்றால் கிளீனர்கள்.

மெயில் வண்டி ஓட்டிய டிரைவர்களில் பலர் கிளீனராகத் தொடங்கியவர்கள். எண்ணெயில் நனைத்த பஞ்சுக்கழிவோடு எஞ்சினுக்கு அடியில் படுத்துத் துடைப்பது முதல் படி. பிறகு கரி அள்ளும் பயர்மேன், அதற்குப் பின் ஷண்டர், கூட்ஸ் டிரைவர், பாசஞ்சர் டிரைவர், கடைசியில் மெயில். இதற்குப் பல வருடங்கள் பிடிக்கும். அத்தனை வருடமும் பக்கத்தில் நிற்கும் டிரைவர் கீழ்ப்படியில் இருப்பவனை எடை போட்டுக்கொண்டே இருப்பார். கொதிகலனின் தண்ணீர்க் கண்ணாடியைச் சொல்லாமலே பார்க்கிறானா? தண்ணீர் இறங்கிக் கொதிகலனின் பாதுகாப்பு பிளக் உருகினால் நெருப்பே அணைந்து வண்டி நடுவழியில் நின்றுவிடும், மானமும் போய்விடும். சிக்னல் தெரியாத மழையில் வாய் பேசுகிறானா, கண் பார்க்கிறதா? கோபக்காரனா, குடிகாரனா, திட்டு வாங்கினால் மறுநாள் வேலையில் பழி தீர்ப்பவனா? எல்லாம் டிரைவர்கள் ஓய்வெடுக்கும் ரன்னிங் ரூமில் பேசப்படும். ஆளுமை என்ற சொல்லை அங்கே யாரும் சொன்னதில்லை. "ஆள் எப்படி?" என்பார்கள், அவ்வளவுதான்.

இதை ஒரேயடியாகப் புகழவும் மாட்டேன். கம்பெனிக் காலத்தில் மெயில் வண்டிகளை ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ-இந்தியருக்கும்தான் கொடுத்தார்கள். ஆபத்து வேளையில் இந்தியனுக்கு நிதானம் இருக்காது என்பது அவர்கள் கணக்கு. தோலைப் பார்த்துக் குணம் சொன்ன அந்தக் கணக்குக்கு எந்தச் சோதனையும் ஆதாரமாக இருந்ததில்லை. சோதனை என்ற பேச்சு வந்தபோதும் ஆட்களை வெளியேற்றத்தான் வந்தது. 1928-இல் தென்னிந்திய ரயில்வே கம்பெனி நாகப்பட்டினம் பட்டறையைப் பொன்மலைக்கு மாற்றி, ஆட்குறைப்புக்காகத் தொழில் திறன் சோதனை என்று ஒன்றைக் கொண்டுவந்தது. தொழிலாளர்கள் மறுத்தார்கள். ஜூலையில் வேலைநிறுத்தம் வெடித்தது, தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் சிறைக்குப் போனார். சோதனை என்றாலே யூனியன்காரர்கள் நெற்றியைச் சுருக்குவதற்கு இப்படி ஒரு பழைய கதை இருக்கிறது.

கடலுக்கு அப்பால் வேறு விதமாக நடந்தது. ஹார்வர்டில் இருந்த ஜெர்மானிய உளவியலாளர் ஹூகோ மூன்ஸ்டர்பெர்க், டிராம் டிரைவர்களின் கவனத்தை அறைக்குள்ளேயே சோதிக்கக் கருவி செய்து, அதைப் பற்றி 1913-இல் புத்தகமும் எழுதினார். தெருவில் யார் குறுக்கே வருவார் என்று முன்கூட்டி உணர்பவனையே வண்டியில் ஏற்ற வேண்டும் என்பது அவர் எண்ணம்.

நம்மிடம் அப்படிப்பட்ட சோதனை வர அரை நூற்றாண்டு ஆனது. 1956 நவம்பர் 23 விடியற்காலை, விழுப்புரம் தாண்டிப் போன தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், ரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அங்கே குற்றவாளி வெள்ளம், டிரைவர் அல்ல. இதைச் சேர்த்தே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பழி டிரைவர் தலையில் விழும். ஆனால் மற்ற பல விபத்துகளில் காரணம் மனிதத் தவறுதான். ரயில் விபத்துகளை ஆராய 1962-இல் அமைந்த குன்ஸ்ரு குழு இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தது. அதைத் தொடர்ந்து அந்தப் பத்தாண்டிலேயே ரயில்வேயில் உளவியல் பிரிவு பிறந்தது. அது இப்போது லக்னோவில் ரயில்வேயின் ஆராய்ச்சி அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ.வில் இருக்கிறது.

அதே பத்தாண்டில்தான் மின்சாரமும் விழுப்புரம் வரை வந்தது. ஜப்பானிலிருந்து வந்த 'யாம்-1' எஞ்சின்கள் திண்டிவனம் வழியாக வண்டிகளை இழுத்துவந்து விழுப்புரத்தில் கழற்றிக்கொள்ளும், தெற்கே போக வேறு எஞ்சின் மாட்டுவார்கள். மின்சார எஞ்சினில் கரி அள்ள ஆள் வேண்டாம். டீசலும் பரவி நீராவி ஓய்ந்தபோது, கிளீனரில் தொடங்கிய ஏணியின் கீழ்ப்படிகள் இல்லாமல் போயின. தேர்வு எழுதியவன் நேராக உதவி டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தான். ஷெட் பல வருடம் பார்த்துச் சொன்னதைச் சில மணி நேரத்தில் சொல்லும் பொறுப்பு அந்தச் சோதனையின் தலையில் விழுந்தது.

சோதனையை நான் குறை சொல்லவில்லை. கவனம் சிதறுகிறவனை வாசலிலேயே நிறுத்துகிறது, நல்லதுதான். ஆனால் ஸ்டேஷன் மாஸ்டருக்கு வேண்டிய முக்கியமான குணம் சந்தேகம். திருச்சி பயிற்சிப் பள்ளியில் விதிப்புத்தகம் கற்றேன். சந்தேகத்தை ஒரு மூத்தவரிடம் கற்றேன். லெவல் கிராசிங் கேட் மூடியதும் கேட்கீப்பர் போனில் பிரைவேட் நம்பர் ஒன்று சொல்வார். அதை எழுதிக்கொண்ட பிறகுதான் சிக்னல் இறக்குவோம். "நம்பர் மட்டும் காதுல விழுந்தா போதாது தம்பி, குரலும் விழணும்" என்பார் அவர். பிறகு நான் வேலை பார்த்தது மயிலத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் ஒரு சின்ன ஸ்டேஷன். ஒரு நாள் பின்னிரவில் நம்பர் சட்டென்று வந்தது, குரலில் தூக்கம் இருந்தது. "அண்ணே, மாட்டு மணி கேக்குதே, கேட் சாத்தியாச்சா?" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "இதோ சாத்துறேன் சார்." வேறு நம்பர் வாங்கிய பிறகே சிக்னல் இறங்கியது. டிரைவர் ஹாரன் அடித்தே தீர்த்தார்.

இந்தப் பழக்கம் எந்த வினாத்தாளிலும் தேறாது, பக்கத்தில் உட்கார்ந்துதான் ஒட்டும். புதிதாக வரும் ஸ்டேஷன் மாஸ்டருக்கு முதல் ஆறு மாத இரவு டியூட்டியிலாவது மூத்தவர் ஒருவரை உடன் வைக்க வேண்டும், அவர் கருத்தையும் எழுதி வாங்க வேண்டும் என்று தெற்கு ரயில்வே நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். ஆள் பற்றாக்குறை என்று பதில் வரும். யூனியன்கள் அந்தப் பதிலை ஏற்கக் கூடாது.