போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது: ஜாவாஸ்கிரிப்ட் பொதி வெளியிடுவோர் அறிய வேண்டியவை

2025இல் தோட்டச் சம்பளம் பற்றிய கட்டுரை ஒன்றுக்காக, ஹட்டனில் இருந்தபடி சிறிய ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஒன்றை எழுதினேன். வேலைநாட்களின் எண்ணிக்கையைக் கொடுத்தால் மாதச் சம்பளத்தைச் சொல்லும். அவ்வளவுதான். மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று அதை என்.பி.எம். பதிவகத்தில் பொதியாக வெளியிட்டேன்.

என்.பி.எம். என்பது உலகெங்கும் உள்ள நிரலாளர்கள் தமது ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளை வைக்கும் பொதுக் களஞ்சியம். ஐசக் ஷ்லூட்டர் 2010இல் தொடங்கியது. 2020 முதல் கிட்ஹப் நிறுவனத்திடம் உள்ளது. பொதுப் பொதிகளை வெளியிடக் கட்டணம் இல்லை. கணக்கு ஒன்றைத் திறந்து, பெயரும் பதிப்பு எண்ணும் கொண்ட 'பேக்கேஜ் ஜேசன்' கோப்பை எழுதி, 'பப்ளிஷ்' கட்டளையைக் கொடுக்க வேண்டும். நீங்கள் விரும்பும் பெயரை வேறொருவர் எடுத்திருந்தால், உங்கள் பயனர் பெயரை முன்னால் சேர்த்து வெளியிடலாம். அப்போது பொதி எல்லோருக்கும் திறந்தது என்பதைக் கட்டளையிலேயே குறிப்பிட வேண்டும்.

சிக்கல் பதிப்பு எண்ணில்தான் வந்தது.

எண் மூன்று பகுதிகளைக் கொண்டது: 1.0.0 என்பது போல. பிழை திருத்தினால் கடைசி எண் கூடும். பழையதைக் குழப்பாமல் புதிய வசதி சேர்த்தால் நடு எண் கூடும். ஏற்கெனவே பயன்படுத்துவோரின் நிரல் முறியக்கூடிய மாற்றம் என்றால் முதல் எண் கூட வேண்டும்.

எனது 1.0.0 பதிப்பு பிடித்தங்களுக்கு முந்திய மொத்தச் சம்பளத்தைக் கொடுத்தது. 2024 செப்டெம்பர் வர்த்தமானியின்படி அப்போது நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. 25 நாள் பெயர் விழுந்தால் 33,750 ரூபா. பிறகு, ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி செலுத்தும் 8 வீதத்தையும் கழித்து, கையில் வரும் 31,050 ரூபாவைக் காட்டுவதே நல்லது என்று நினைத்தேன். மாற்றிவிட்டு 1.0.1 என்று வெளியிட்டேன்.

கிளிநொச்சியில் நண்பர் ஒருவர் அந்தப் பொதியைத் தன் இணையப் பக்கத்தில் பயன்படுத்தியிருந்தார். அவருடைய பெற்றோர் 1977 வன்செயலுக்குப் பின் டிக்கோயாவிலிருந்து வன்னிக்குப் போனவர்கள். சொந்தக்காரர்கள் இன்னும் லயன்களில் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே அந்தப் பக்கம். கடைசி எண் மட்டும் கூடியதால் புதிய பதிப்பு தானாகவே அவரிடம் போய்ச் சேர்ந்தது. அவருடைய நிரலோ 8 வீதத்தை ஏற்கெனவே தனியாகக் கழித்துக்கொண்டிருந்தது. இரண்டு தடவை கழிபட்டு 28,566 ரூபா என்று காட்டியது. 2,484 ரூபா குறைவு. தோட்டத்தில்தான் சம்பளத்தை வெட்டிவிட்டார்கள் என்று ஒரு குடும்பம் கணக்கப்பிள்ளையிடம் போய்ச் சண்டை பிடித்த பின்தான் விசயம் எனக்குத் தெரிந்தது. பிழை கணக்கப்பிள்ளையுடையது அல்ல, என்னுடையது. அந்த மாற்றம் 2.0.0 ஆக வந்திருக்க வேண்டும்.

ஒரு தடவை வெளியிட்ட எண்ணில் வேறு நிரலை மீண்டும் வைக்க என்.பி.எம். விடாது. ஆகவே பழைய கணக்கை 1.0.2 ஆகவும், புதிய கணக்கை 2.0.0 ஆகவும் வெளியிட்டேன். 1.0.1ஐ நிறுவுவோருக்கு எச்சரிக்கை தோன்றும்படி 'டெப்ரிகேட்' கட்டளையைக் கொடுத்தேன்.

பொதியை அழித்துவிடலாமே என்று கேட்கலாம். 2016 மார்ச்சில் அஸர் கொச்சுலு என்ற நிரலாளர், பெயர் தகராறு ஒன்றினால் தனது பொதிகளை எல்லாம் அகற்றினார். அவற்றில் ஒன்று 11 வரிகள் மட்டுமே கொண்ட 'லெஃப்ட்-பேட்'. அதில் தங்கியிருந்த எண்ணற்ற மென்பொருட்களை அன்று நிறுவ முடியாமல் போனது. அதன் பின் விதி இறுகியது. இப்போது வெளியிட்டு 72 மணித்தியாலங்களுக்குள், வேறு பொதி எதுவும் அதில் தங்கியிராவிட்டால் அகற்றலாம். பிறகு நிபந்தனைகள் இன்னும் கடுமை. அகற்றினாலும், அதற்குள் பிரதி எடுத்தவர்களிடம் அது இருக்கும்.

இது எங்களுக்கு வெறும் தொழில்நுட்ப விசயம் அல்ல. காணாமல் ஆக்கப்பட்டோரின் விபரங்களையும், சாட்சியங்களையும், காணிப் பதிவுகளையும் கணனியில் வைத்திருப்போர் எங்களில் பலர். நிரலைச் சோதிக்க அப்படியொரு பட்டியலை அதே கோப்புறையில் வைத்திருந்தால், அதுவும் சேர்ந்து வெளியே போய்விடலாம். எனவே:

- வெளியிடுமுன் 'பேக்' கட்டளையை 'ட்ரை ரன்' தெரிவுடன் ஓட்டுங்கள். எந்தெந்தக் கோப்புகள் போகும் என்று அது காட்டும்.
- 'பேக்கேஜ் ஜேசன்' கோப்பில் 'ஃபைல்ஸ்' என்ற இடத்தில், போக வேண்டியவற்றை மட்டும் எழுதுங்கள்.
- சோதனைக்குக் கற்பனைப் பெயர்களையே பயன்படுத்துங்கள்.
- உங்கள் மின்னஞ்சல் முகவரி பொதியின் விபரங்களோடு எல்லோருக்கும் தெரியும். இதற்கென்று தனி முகவரி வைத்திருங்கள்.
- கணக்குக்கு இருபடிப் பாதுகாப்புப் போடுங்கள். 2025 செப்டெம்பரில், என்.பி.எம். அனுப்பியது போல வந்த பொய் மின்னஞ்சலை ஒரு பராமரிப்பாளர் நம்பியதால், 'சாக்', 'டிபக்' போன்ற பிரபல பொதிகளுக்குள் திருட்டு நிரல் புகுந்தது. மின்னஞ்சலில் வரும் இணைப்பை அழுத்தி உள்நுழைய வேண்டாம்.

நண்பரின் பக்கம் இப்போது சரியான தொகையைக் காட்டுகிறது. தன் பொதிகளின் எண்களை அவர் பூட்டுக் கோப்பில் நிலைப்படுத்தி வைத்திருக்கிறார். நாட்சம்பளம் மாறும் ஒவ்வொரு முறையும் நான் செய்வது ஒன்றுதான். இந்த மாற்றத்தால் யாருடைய கணக்கு குழம்பும் என்று முதலில் கேட்டுப் பார்க்கிறேன். எண்ணை அதன் பிறகுதான் எழுதுகிறேன்.