பாண் வானும் ஒப்பாரிக் கோச்சியும்

நோட்டன் பிரிட்ஜ் சந்தியில் நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. அந்த ஊரில் மழையில்லாத நாளில் இறங்கியதாக எனக்கு நினைவில்லை. 2024 ஜூன் மாதத்தில் ஒரு நாள் அது. நீண்ட காலம் தோட்ட லொறி ஓட்டி ஓய்வுபெற்ற நண்பர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். சிறு வயதிலிருந்தே 'அண்ணன்' என்றுதான் அழைத்துப் பழக்கம்.

வீட்டுக்குப் பின்னால், தகரக் கொட்டகையின் கீழ், ஒரு பழைய டொயோட்டா ஹயஸ் வான் நான்கு மரக்குற்றிகளின் மேல் நின்றது. எண்பதுகளில் வந்த, நம்மவர்கள் 'ஷெல்' என்று அழைக்கும் வகை. பக்கங்களில் கண்ணாடி இல்லாத சரக்கு வான். பல வருடங்கள் தோட்டம் தோட்டமாகப் பாண் விற்றுத் திரிந்த வண்டி. அதன் உள்ளே தரையை நீக்கிவிட்டு, படுக்கவும் சமைக்கவும் வசதி செய்யப்போவதாக அண்ணன் சொன்னார்.

"எங்கே போகப் போகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"தலைமன்னாருக்குத் தம்பி. வேறெங்க?" என்றார்.

அந்தப் பதிலின் பொருள் எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கிய பின்னர் எழுதுவது இக்கட்டுரை.

சரக்கு வண்டியை வீடாக்கும் வழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. ஐரோப்பாவில் இதைப் பரவலாக்கியது ஜேர்மனியின் வொக்ஸ்வாகன் வான். ஒல்லாந்து இறக்குமதியாளரான பென் பொன் என்பவர் 1947இல் தமது குறிப்பேட்டில் கீறிய ஒரு சிறு படமே அதன் தொடக்கம். 1950இல் அந்த வான் உற்பத்திக்கு வந்தது. அடுத்த ஆண்டே வெஸ்ட்ஃபாலியா என்ற நிறுவனம் அதற்குள் வைக்கக்கூடிய ஒரு முகாம் பெட்டியைச் செய்தது. வாரநாட்களில் வான் சரக்கு ஏற்றும். வார இறுதியில் பெட்டியை உள்ளே வைத்தால் படுக்கையும் அடுப்பும் கொண்ட அறையாகிவிடும். போருக்குப் பின்னர் சிக்கனமாக வாழ்ந்த ஒரு சமூகத்தின் யோசனை அது. ஒரே வண்டி, இரண்டு வேலை.

அதன் பின்னர் வந்தது தரைவழி நெடும்பயணங்களின் காலம். 1957இல் 'இண்டியாமேன்' என்ற பஸ் லண்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் பயணிகளை ஏற்றிவந்தது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் ஆயிரக்கணக்கான மேலைநாட்டு இளைஞர்கள் பழைய வான்களிலும் பஸ்களிலும் இஸ்தான்புல், தெஹ்ரான், காபூல், லாகூர் வழியாக இந்தியாவுக்கு வந்தார்கள். 1979இல் ஈரானியப் புரட்சியும் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படைகளின் வருகையும் அந்தப் பாதையை மூடின. வந்தவர்களுள் சிலர் இந்தியாவோடு நிற்கவில்லை. இராமேஸ்வரத்தில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி இலங்கைக்குள்ளும் வந்தார்கள். இந்தக் கப்பலை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நமது மலைநாட்டுக்கும் வண்டியில் உறங்கும் பழக்கம் புதிதன்று. கண்டிக்கு ரயில் வந்தது 1867இல். ஹற்றனுக்கு வந்தது 1884இல். அதற்கு முன்னர் கோப்பியைக் கீழே இறக்கியதும் அரிசியை மேலே ஏற்றியதும் மாட்டு வண்டிகளே. வண்டிக்காரர் பல நாட்கள் வழியில் கழித்தார். அம்பலங்களிலும் வண்டிக்கு அடியிலும் உறங்கினார். இன்றைக்கும் டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாதம் வரை, கினிகத்தேனையிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் வழியாக மஸ்கெலியாவுக்கு ஏறும் சிவனொளிபாதமலை யாத்திரிகர்களைப் பாருங்கள். வண்டியின் முகப்பில் கமுகம் பாளை கட்டியிருக்கும். உள்ளே பாய், தலையணை, பானை, அரிசி எல்லாம் இருக்கும். ஓடைக்கரையில் நிறுத்திச் சமைத்து உண்டு புறப்படுவார்கள்.

பழைய வண்டியைச் சாகவிடாமல் வைத்திருக்கும் கலையும் நமக்குப் பழக்கமானதே. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுக்கமாக இருந்த காலத்தில், உதிரிப்பாகம் கிடைக்காதபோது அதைச் செய்தே பூட்டும் ஒரு தலைமுறை கராஜ்காரர்கள் உருவானார்கள். அண்ணன் தொழில் பழகியது அவர்களிடம்தான். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னரே ஜப்பானிய வான்கள் பெருமளவில் வந்தன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி வரை கதவு திறக்கவில்லை. அந்த ஐந்து ஆண்டுகளில் முப்பது, நாற்பது வயது வான்களுக்கும் புது மதிப்பு வந்தது. பேக்கரிக்காரர் கைவிட்ட வண்டியை அண்ணன் வாங்கியது அந்தக் காலத்தில்தான்.

திருத்த வேலையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். வாங்கியபோது வண்டி புது வர்ணத்தில் பளபளத்ததாம். முன்னர் அதைத் திருத்திய கராஜ் ஒன்று, துருப்பிடித்த இடங்களை வெட்டி ஒட்டாமல், பட்டி பூசி வர்ணமடித்துக் கொடுத்திருந்தது. அண்ணன் ஒரு சிறு காந்தத்தை எடுத்து வண்டியின் உடல் முழுவதும் நகர்த்திக் காட்டினார். இரும்பு உள்ள இடத்தில் அது ஒட்டியது. பட்டி மட்டுமே உள்ள இடத்தில் கீழே விழுந்தது. கதவுப் படிக்கட்டு, சக்கர வளைவு, கூரையோரத் தண்ணீர்க் கான் எல்லா இடத்திலும் விழுந்தது. மழையும் பனிமூட்டமும் நீங்காத ஊரில் இரும்பு உள்ளிருந்தே அரிக்கும். பளபளக்கும் தகரம் தெரியும்வரை வெட்டி, புதுத் தகரம் ஒட்டவைத்து, துருத்தடுப்பு அடித்து முடிக்க அவருக்கு ஐந்து மாதங்கள் ஆயின. எஞ்சின் 2.4 லீற்றர் டீசல். அது அதிகம் தொல்லை தரவில்லை.

உள்ளே அவர் செய்தவை எளிமையானவை. மடிக்கும் பலகைக் கட்டில், அதன் கீழே பெட்டி, 20 லீற்றர் தண்ணீர்க் கேன், சிறிய காஸ் அடுப்பு. காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே சிலிண்டர் இருக்கும் மூலையில் தரையிலேயே ஒரு துவாரம். உறங்குவோரின் மூச்சு குளிர்ந்த தகரத்தில் நீராகப் படியும். ஆகவே கூரையில் மூடாத காற்றுத் துவாரம் ஒன்று. விளக்குக்குத் தனி பற்றரி. இரவில் விளக்கு எரிந்து தீர்ந்தாலும் காலையில் எஞ்சினை இயக்கும் பற்றரி தீராதபடி இரண்டையும் ஒரு ரிலே பிரிக்கிறது. கட்டிலும் பெட்டியும் நான்கு ஆணிகளைக் கழற்றினால் வெளியே வந்துவிடும். வெஸ்ட்ஃபாலியா கதையை நான் சொன்னபோது அண்ணன் சிரித்தார்.

"இந்த வித்தைய வெள்ளைக்காரன் சொல்லித் தரணுமா தம்பி? எங்கம்மா சொல்லித் தந்தது" என்றார்.

அந்தப் பேச்சில் ஒரு கணக்கு இருந்தது. வானின் உட்புறத்தை நாங்கள் அளந்தோம். ஒன்பதடிக்கு ஐந்தடி. அண்ணன் பிறந்த லயத்துக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதில் ஏழு பேர். காலையில் பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்துவது, உடுப்புக்குக் குறுக்கே கொடி கட்டுவது, அடுப்புக்கு மேலே விறகு காயப் பரண் போடுவது, ஒரே இடத்தைப் பகலில் அடுக்களையாகவும் இரவில் படுக்கையாகவும் மாற்றுவது எல்லாம் அந்த அம்மா செய்தவை. ஒரு மனிதன் விரும்பிச் சில இரவுகள் சிறிய அறையில் தங்கினால் அது உல்லாசம். நான்கைந்து தலைமுறைகள் வேறு வழியின்றித் தங்கினால் அதற்குப் பெயர் வேறு.

இனி தலைமன்னாருக்கு வருவோம்.

1823இல் ஜோர்ஜ் பேர்ட் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியவில் கோப்பித் தோட்டம் தொடங்கியதை மலையக மக்களின் வருகைக்குத் தொடக்கமாகக் கொள்கிறோம். இராமேஸ்வரம், தொண்டிப் பக்கங்களிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கியவர்கள், கங்காணியின் பின்னால், வரண்ட காட்டினூடே மாத்தளைவரை நடந்தார்கள். வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் பசியும் வழியிலேயே பலரைக் கொண்டுபோயின. நம் நாட்டில் 'தரைவழி நெடும்பயணம்' என்ற சொல்லுக்கு உரிமையுள்ளவர்கள் அவர்கள்தாம். மாத்தளைக்கு ரயில் வந்தது 1880இல். தலைமன்னார் – தனுஷ்கோடி கப்பலும் ரயிலும் இணைந்தது 1914இல்.

வந்த வழியே திரும்பிப்போகும் காலமும் வந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்தப் பேச்சுவார்த்தைகளில் அம்மக்களைக் கேட்டவர் எவருமில்லை. ஒப்பந்தம் நடந்த அதே ஆண்டு டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்ததால், போனவர்கள் இராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாமுக்குச் சென்றார்கள். மலைநாட்டு நிலையங்களிலிருந்து அவர்களை ஏற்றிச்சென்ற ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'.

1972இல் அண்ணனுக்குப் பத்து வயது. மணமாகிக் கணவன் வீட்டுப் பெயரில் பதிவாகியிருந்த அவருடைய மூத்த அக்கா, கணவன் குடும்பத்தோடு ஹற்றன் நிலையத்தில் ரயிலேறினார். தகப்பனார் தலைமன்னார்வரை கூடப்போனார். பையன்களைக் கூட்டிச்செல்லப் பணமில்லை. கோத்தகிரியிலிருந்து சில ஆண்டுகள் கடிதம் வந்தது. 1984இல் போரினால் கப்பல் நின்றது. அக்கா சில ஆண்டுகளுக்கு முன்னர் அங்கேயே காலமானார்.

விமானத்தில் திருச்சிக்குப் போயிருக்கலாமே என்று கேட்டேன். "இருந்தப்ப காசில்ல. இப்ப அங்க ஆளில்ல. அவ போன வழியில கடக்கரை மட்டுமாவது போகணும் தம்பி" என்றார்.

2025 ஜூலையில் புறப்பட்டோம். நோட்டன் பிரிட்ஜில் கொட்டும் மழை. கம்பளையில் சின்னப்பிட்டியவைக் கடந்து, கண்டி வழியாக, முதல் இரவு மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயிலுக்கு அருகே தங்கினோம். 2023 ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை, இருநூறு ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து நடந்துவந்தவர்கள் வந்து சேர்ந்த ஊர் அது. அவர்கள் பதினாறு நாட்களில் நடந்த தூரத்தை நாங்கள் ஒரு பகலில் எதிர்த்திசையில் ஓடினோம். தம்புள்ளைக்கு அப்பால் ஃபேன் பெல்ட் அறுந்தது. கைவசம் வேறொன்று இருந்தது. மதவாச்சியைத் தாண்டியதும் மழையின் அடையாளமே இல்லை. புழுதியும் முட்காடும் வெயிலும்தான். மலையை அறியாத மக்கள் மலைக்கு நடந்த பாதை இது என்று நினைத்தேன். மலையன்றி வேறறியாத அண்ணனின் அக்கா இந்தக் காட்சியை ரயில் யன்னலில் முதன்முறையாகக் கண்டிருப்பார்.

ரயில் பாதை 2015இல் மீண்டும் தலைமன்னாருக்கு வந்துவிட்டது. கப்பல் வரவில்லை. 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் தொடங்கியபோது அது காங்கேசன்துறைக்கே வந்தது. பழைய இறங்குதுறை சிதைந்து கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. எழுபதுகளில் ஒரே கப்பல் அங்கே வந்து திரும்பியது. வந்தபோது உலகம் சுற்றும் இளைஞர்களையும் ஏற்றி வந்தது. திரும்பியபோது தகரப்பெட்டியோடு நம்மவர்களை ஏற்றிப் போனது. முன்னவர்களின் பயணத்தைப் பற்றி நூல்கள் பல உண்டு. பின்னவர்களின் பயணம் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே எழுதப்பட்டிருக்கிறது.

அண்ணன் பின்கதவைத் திறந்துவைத்து, அடுப்பை மூட்டி, ஊரிலிருந்து கொண்டுவந்த தூளில் தேத்தண்ணி ஊற்றினார். "அவ இங்க எத்தன நாள் காத்துக் கெடந்தாளோ, என்னத்த சாப்பிட்டாளோ" என்று மட்டும் சொன்னார். பிறகு பாயை விரித்து, எட்டு மணிக்கெல்லாம் உறங்கிவிட்டார். நான் வெகுநேரம் காற்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சென்ற மாதம் தொலைபேசியில் பேசினேன். கட்டிலையும் பெட்டியையும் கழற்றிக் கொட்டகையில் வைத்துவிட்டதாகச் சொன்னார். வான் இப்போது வாரநாட்களில் ஹற்றனிலிருந்து மரக்கறி ஏற்றுகிறது. அடுத்த முறை தமது பேரப்பிள்ளைகளை அழைத்துப்போக வேண்டுமென்றும், அந்த வழியைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாதென்றும் சொன்னார்.