கோப்பையில் இல்லாத பெயர்

வெள்ளிப் பரிசுக் கோப்பை என்றதும் இரண்டு கைப்பிடியும் மூடியுமாக ஒன்றுதான் நம் மனதில் எழுகிறது. அமெரிக்காவின் கென்டக்கியில் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் விவசாயக் கண்காட்சிகளில் வழங்கப்பட்டது அந்த ரகமல்ல. கைப்பிடியில்லாத சிறு டம்ளர். விளிம்பிலும் அடியிலும் மெல்லிய வரிகள், அவ்வளவே அலங்காரம். புதினா, சர்க்கரை, ஐஸ் சேர்த்து விஸ்கி குடிக்கிற பாத்திரம். அந்தப் பானத்தின் பெயராலேயே பின்னால் அது ஜூலப் கோப்பை எனப்பட்டது.

1816இல் லெக்ஸிங்டன் அருகே லூயிஸ் சாண்டர்ஸ் கால்நடைக் கண்காட்சி ஒன்றை நடத்தி வெள்ளிக் கோப்பைகளைப் பரிசளித்தார். மறு வருஷம் இங்கிலாந்திலிருந்து ஷார்ட்ஹார்ன் மாடுகளைத் தருவித்தார். அவ்வூர்த் தட்டார்களில் பேர்பெற்றவர் 1838இல் இறந்த ஏசா பிளான்சர்ட். அக்காலத்தில் வெள்ளி நாணயங்களை உருக்கிப் பாத்திரம் செய்வது சாதாரணம். பகலெல்லாம் பணம் எண்ணுகிற எனக்கு இதில் ஒரு ருசி இருக்கிறது: பணம் உருகிப் பாராட்டாகிறது, முடை வந்தால் பாராட்டை உருக்கிப் பணமாக்கிக்கொள்ளலாம்.

கோப்பையின்மேல் பொறிப்பு இருக்கும். எந்தப் பிராணி, யாருடையது, எந்த வருஷம். இத்தகைய சிக்கனத்தை நான் கவிதையில் வெகுவாகப் பாராட்டி எழுதியிருக்கிறேன். உருவம் தனக்கு வேண்டாததை விலக்கிவிடுகிறது என்று வாதாடியும் இருக்கிறேன்.

1830ஆம் வருஷத்துக் குடிக்கணக்கின்படி கென்டக்கி ஜனங்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் அடிமை. பெரும் பண்ணைகளில் மாட்டுக்குத் தீனி வைத்ததும், குதிரையைத் தேய்த்துவிட்டதும், ஹெம்ப் நார் உரித்ததும் பெரும்பாலும் அவர்கள் கைகள்தாம். பொறிப்பில் காளைக்கு இடமுண்டு, காளையின் சொந்தக்காரருக்கு இடமுண்டு. காளையைப்போலவே சொந்தமாக்கப்பட்ட மனிதனுக்கு இல்லை. இடப் பற்றாக்குறை என்று சொல்ல முடியாது. கோப்பையின் முக்கால் பாகம் வெறும் வெள்ளி.

ஆகவே உருவம் விலக்குவதெல்லாம் வேண்டாதது அல்ல. விலக்குகிறவன் யார் என்று கேட்காத விமர்சனம் அந்தக் கோப்பையின் விகிதாசாரத்தை மட்டும் புகழ்ந்துவிட்டுப் போய்விடும். நேற்றுவரை நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

அடிமை முறையை ஒழித்த பதின்மூன்றாம் திருத்தம் 1865 டிசம்பரில் அமலுக்கு வந்தது. அவ்வருஷத் தொடக்கத்தில் அதை நிராகரித்த கென்டக்கி சட்டசபை, ஒப்புதல் தந்தது 1976இல்.